ஒரே கதையை நாலு தடவையா, நாலு கதையை ஒரு தடவையா? எழுத்துக்கூட்டி வாசிக்கிற பிள்ளைக்கு எது சரிவரும்

இல்லம் தேடிக் கல்வி 2021ல ஆரம்பிச்சப்ப தன்னார்வலரா பேர் கொடுத்தேன், அதுலேர்ந்து ஒட்டிக்கிட்ட பழக்கம், இன்னைக்கும் சாயங்காலம் ஏழு மணி ஆச்சுன்னா எங்க வீட்டு வாசல்ல ஏழெட்டு பிள்ளைங்க புக்கோட உக்காந்துடும், எல்லாம் ஒண்ணாவதுலேர்ந்து மூணாவதுக்குள்ள. பிள்ளைய கூட்டிட்டுப் போக வர்ற அம்மாங்க கேக்குற கேள்வி முக்காவாசி ஒண்ணுதான். "எழுத்தெல்லாம் தெரியுதுக்கா, கேட்டா சொல்றான், ஆனா வாசிக்கச் சொன்னா கு...ள...த்...தி...ல்னு இழுக்குறான், ஒரு பக்கம் முடிக்கிறதுக்குள்ள எனக்கு குக்கர் நாலு விசில் வந்துடுது, என்னதான் பண்றது?"

இதுக்கு ஆளாளுக்கு ஒரு மருந்து சொல்றாங்க. ஸ்கூல் மிஸ் பாடத்தையே பத்து தடவ வாசிக்கச் சொல்லுங்கன்றாங்க, சித்தப்பா ஒருத்தர் கதை புக்கா வாங்கிக் குவிங்கன்றார், பக்கத்து வீட்டுல போன்ல ஆப் போட்டுக் குடுங்கன்றாங்க, எதிர் வீட்டுல டியூஷன் அனுப்புங்கன்றாங்க. நாலையும் நான் பாத்துட்டேன், சிலதுல நானே தப்பு பண்ணியிருக்கேன், அதனால ஒவ்வொண்ணா பிரிச்சு எழுதுறேன், அவங்க சொல்லாத ஒண்ணையும் சேர்த்து.

ஒண்ணு முதல்லயே சொல்லிடுறேன், இது எழுத்து தெரிஞ்சும் திணறுற பிள்ளைக்கு. கெ-க்கும் கே-க்கும் வித்தியாசம் தெரியாம, மெய்யெழுத்துப் புள்ளிய கவனிக்காம இருக்குற பிள்ளைய உக்கார வச்சு கதைய திரும்பத் திரும்ப வாசிக்க வைக்கிறது வீண். அதுக்கு உயிர்மெய் வேலைதான் இன்னும் பாக்கி.

## எத வச்சு எடை போடுறது

முதல்ல நான் பாக்குறது, பிள்ளையோட கண்ணும் வாயும் ஒண்ணா எத்தனை நிமிஷம் வேலை செய்யுதுங்குறத. புக்கு முன்னாடி உக்காந்திருக்குற நேரத்த நான் கணக்குல சேக்குறதில்ல. ஒரு மணி நேரம் உக்காந்து மூணு நிமிஷம் வாசிச்சா அது மூணு நிமிஷம்தான்.

ரெண்டாவது, தப்பா வாசிச்சா யாராவது அங்கயே பிடிக்கிறாங்களா. பிடிக்கலன்னா அந்தத் தப்பே பழகிப்போகும்.

மூணாவதுதான் முக்கியம், பலரும் கேக்காம விடுறதும் இதத்தான். இன்னைக்கு வாசிச்ச பக்கத்துல கிடைச்ச சரளம் நாளைக்கு பாக்காத பக்கத்துக்கும் போகுதா? அந்த ஒரு பக்கம் மட்டும் பளபளன்னு வந்து அடுத்த பக்கம் பழையபடி கு...ள...த்...ன்னா நாம இத்தனை நாளும் வாசிப்பு சொல்லிக் குடுக்கல, மனப்பாடம் பண்ண வச்சிருக்கோம்.

அப்புறம் அர்த்தம் புரிஞ்சுதா, வீட்டுல யாரோட நேரம் செலவாகுது, பிள்ளை முகம் எப்படி இருக்கு. முகத்த ஏன் தனியா சொல்றேன்னா அடுத்த நாளும் அதே பிள்ளை வந்து உக்காரணும்ல.

## 1. ஒரே பத்தி, மூணு நாலு தடவ, சத்தமா

இது இன்னைக்கு நேத்து வந்ததில்ல. அமெரிக்காவுல மினசோட்டாவுல ஜே சாமுவேல்ஸ்னு ஒருத்தர் 1979ல இத ஒரு முறையாவே எழுதி வச்சார். அம்பதுலேர்ந்து இருநூறு வார்த்தைக்குள்ள ஒரு சின்னப் பத்தி, பிள்ளை அதை ஒரு குறிப்பிட்ட வேகம் வர்ற வரைக்கும் திரும்ப வாசிக்கும், வந்ததும் அடுத்த பத்திக்குப் போகும். அவர் கவனிச்ச விஷயம் என்னன்னா, ஒவ்வொரு புதுப் பத்தியிலயும் முதல் வாசிப்பே முந்தினத விட வேகமா இருந்துச்சு, திரும்ப வாசிக்க வேண்டிய தடவையும் குறைஞ்சுட்டே வந்துச்சு. அவர் சொன்ன காரணம் சிம்பிள், எழுத்த அவிழ்க்கிறதுலயே மூளை பூரா செலவாச்சுன்னா அர்த்தத்துக்கு மிச்சமில்ல, எழுத்து தானா வர ஆரம்பிச்சாதான் கதை உள்ள போகும். சைக்கிள் மாதிரி, பெடலப் பாத்துட்டே மிதிக்கிறவன் ரோட்டப் பாக்க முடியாது.

தமிழ்ல இது எப்படி வேலை செய்யுதுன்னு ஒரு பையன வச்சு சொல்றேன். ரெண்டாவது படிக்கிறான், நான் கையால எழுதிக் குடுத்த சின்னக் கதை, ஆரம்பம் இப்படி இருக்கும்: "குளத்தில் ஒரு தவளை இருந்தது. அது பகலில் தூங்கியது. இரவில் பாட்டுப் பாடியது. மீன்களுக்குத் தூக்கம் கெட்டது."

முதல் தடவ "பகலில்" வந்தப்ப ப, க, லி, ல்னு நாலு எழுத்தையும் சரியாத்தான் சொன்னான், ஆனா அந்த க-வ "பக்கம்"ல வர்ற க மாதிரி அழுத்திச் சொன்னான், சொல்லி முடிச்சுட்டு என்னைப் பாத்தான், அவன் காதுக்கே அது ஒரு வார்த்தையா கேக்கல. இங்கதான் தமிழோட கஷ்டம் இருக்கு. ஒரே க, "கல்"லுல ஒரு மாதிரி, "பகல்"ல வேற மாதிரி, "தங்கம்"ல இன்னொரு மாதிரி, எழுத்துல எந்தக் குறியும் கிடையாது. வார்த்தை என்னன்னு தெரிஞ்சாதான் சத்தம் சரியா வரும், சத்தம் வந்தாதான் வார்த்தை தெரியும்னு ஒரு முடிச்சு. நான் ஒண்ணும் சொல்லல, முடிக்க விட்டேன். ரெண்டாவது தடவ அதே இடத்துல ஒரு நொடி நின்னான், அப்புறம் "ஓ, பகல்!"னான், வாய்ல அந்த க தானா இளகிடுச்சு. "பாட்டுப் பாடியது" முதல் தடவ "பாட்டு... ப்... பாடியது"னு ஒற்று தனியா தொங்கிட்டு இருந்துச்சு, மூணாவது தடவ ஒட்டிக்கிச்சு. நாலாவது தடவ "மீன்களுக்குத் தூக்கம் கெட்டது"ன்னு வாசிச்சுட்டு சிரிச்சான் பாருங்க, அப்பதான் அந்த ஜோக் அவனுக்கு எட்டியிருக்கு. முதல் மூணு தடவையும் அவன் எழுத்துகூட சண்டை போட்டுட்டு இருந்திருக்கான்.

அதனால இந்த முறை எனக்குப் பிடிக்கும். அமெரிக்காவுல தேசிய வாசிப்புக் குழுன்னு ஒண்ணு 2000ல அறிக்கை கொடுத்தப்ப, பெரியவங்க கூட இருந்து திருத்தி திரும்ப சத்தமா வாசிக்க வைக்கிறது வார்த்தை அடையாளம், சரளம், புரிதல் மூணுக்குமே உதவுதுன்னுதான் சொன்னாங்க. அதுல "கூட இருந்து" அப்படிங்குறத நம்ம ஆளுங்க விட்டுடுறாங்க. "போய் பத்து தடவ வாசி"ன்னு ரூமுக்கு அனுப்புறது வேற, இது வேற.

இப்ப மறைஞ்ச செலவு. முதல் செலவு மனப்பாடம். நம்ம ஊர்ல பிள்ளைங்களுக்கு காது கூர்மை, பாட்டு, வாய்ப்பாடு, குறள் எல்லாம் காதாலயே ஏத்தி ஏத்தி பழக்கம், அஞ்சாவது தடவ பையன் மேல ஃபேனப் பாத்துட்டே முழுப் பத்தியும் ஒப்பிப்பான், அம்மா "எவ்ளோ நல்லா வாசிக்கிறான்"னு சந்தோஷப்படுவாங்க. நான் செய்யுற சோதனை ஒண்ணு இருக்கு, பத்திக்கு நடுவுல ஏதாவது ஒரு வார்த்தை மேல விரல வச்சு "இது என்ன?"ன்னு கேப்பேன். வாசிக்கிற பிள்ளை சொல்லிடும். ஒப்பிக்கிற பிள்ளை முதல் வரியிலேர்ந்து முணுமுணுத்துட்டு வந்துதான் அந்த இடத்துக்கு வரும். முணுமுணுத்தா அந்தப் பத்தி செத்துப்போச்சு, மாத்திடுங்க. மூணு நாலு தடவைக்கு மேல நான் போறதே இல்ல, ஆராய்ச்சி பண்ணினவங்களும் அந்த அளவுதான் சொல்றாங்க, அதுக்கு மேல பெரிசா லாபம் கிடையாது.

ரெண்டாவது செலவு டைமர். ஒரு நிமிஷத்துக்கு எத்தனை வார்த்தைன்னு எண்ணுறது தப்பில்ல, மாசம் ஒரு தடவ எண்ணினா முன்னேற்றம் கண்ணுக்குத் தெரியும். தினம் எண்ணினா பிள்ளை முற்றுப்புள்ளி எல்லாத்தையும் முழுங்கிட்டு கடகடன்னு ஓடும். நானே இந்தத் தப்பப் பண்ணினேன், ரெண்டு வாரம் ஸ்டாப்வாட்ச் வச்சு போட்டி மாதிரி விட்டேன், வேகம் ஏறுச்சு, "தவளை ஏன் பகல்ல தூங்குச்சு?"ன்னு கேட்டா ஒருத்தனுக்கும் பதில் தெரியல.

இன்னொண்ணு, அந்த வேக அளவெல்லாம் இங்கிலீஷுக்குப் போட்டது, அத அப்படியே தமிழுக்குக் கொண்டாராதீங்க. "விளையாடிக்கொண்டிருந்தார்கள்" நமக்கு ஒரு வார்த்தை, பதினாலு எழுத்து. சின்ன வகுப்பு வாசிப்புக்கும் கணக்குக்கும் மத்திய அரசு கொண்டுவந்த நிபுண் பாரத் திட்டத்துல ரெண்டாவது முடிக்கிறப்ப நிமிஷத்துக்கு 45லேர்ந்து 60 வார்த்தைன்னு பொதுவா ஒரு இலக்கு போட்டிருக்காங்க, அதப் பாத்துட்டு ஒரு அப்பா பையன உலுக்கி எடுத்துட்டார். தேசிய அளவுல 2022ல மூணாவது பிள்ளைங்கள சோதிச்சப்ப ஒவ்வொரு மொழிக்கும் தனித்தனி அளவுதான் வச்சாங்க, அதான் நியாயம்.

மூணாவது செலவு சலிப்பு. எங்க வாசல்ல ஒரு பொண்ணு ரெண்டாவது தடவைலயே "எனக்குத்தான் முடிவு தெரியுமே"ன்னு புக்க மூடிடும். அந்தக் குழந்தைக்கு இது ஒத்துவராது, விட்டுட்டேன்.

எப்ப இது சரி: தப்பு கம்மி, வேகம்தான் இல்ல அப்படிங்குற பிள்ளை. பத்து வார்த்தைக்கு ஒண்ணுக்கு மேல தப்பு வந்தா அந்தப் பத்தி கஷ்டம், இன்னும் லேசானத எடுங்க. அதே மாதிரி தன்னம்பிக்கை செத்துப்போன பிள்ளைக்கு இத விட்டா வேற மருந்தில்ல, முதல் தடவைக்கும் நாலாவது தடவைக்கும் வித்தியாசம் அதுக்கே கேக்கும்.

## 2. தினம் ஒரு புதுக் கதை

எதிர்க்கட்சி இது. ஒரே பத்திய நாலு தடவ வாசிக்கிற நேரத்துல நாலு சின்னக் கதை வாசிச்சிடலாமே? நியாயமான கேள்வி. கணக்குப் போட்டுப் பாருங்க, நாப்பது வார்த்தைப் பத்தி நாலு தடவன்னா நூத்தி அறுபது வார்த்தை, நாலு கதை நாப்பது நாப்பதா வாசிச்சாலும் நூத்தி அறுபதுதான். மெலனி கூனும் ஸ்டீவன் ஸ்டாலும் 2003ல பழைய ஆராய்ச்சி எல்லாத்தையும் அலசிப் பாத்தப்பவும் இதுக்கு பக்கத்துலதான் வந்தாங்க, திரும்ப வாசிக்கிறதால பலன் இருக்கு, ஆனா அதே அளவு புதுசு புதுசா வாசிச்சாலும் ஏறக்குறைய அதே பலன் வருது, அப்போ திருப்பி வாசிக்கிறது மந்திரம் இல்ல, உதவியோட நிறைய வாசிக்கிறதுதான் வேலை செய்யுதுன்னு.

அதுக்கும் முன்னாடி 1985ல ரஷாட்டும் டார்கெசனும் பாத்தது இன்னும் சுவாரசியம். ஒரு கதையில கிடைச்ச வேகம் அடுத்த கதைக்குப் போறது அந்த ரெண்டு கதைக்கும் பொதுவா எத்தனை வார்த்தை இருக்குங்குறதப் பொறுத்து இருக்கு. இத நான் வாசிச்சப்ப ஒரு விஷயம் பளிச்சுன்னு புரிஞ்சுது. நான் ஒரு வாரம் தவளை, அடுத்த வாரம் ராக்கெட், அதுக்கடுத்த வாரம் ராஜான்னு சம்பந்தமே இல்லாம கதை குடுத்துட்டு இருந்தேன். இப்ப ஒரு வாரம் பூரா குளம்தான், தவளை கதை, மீன் கதை, கொக்கு கதை. குளத்தில், தண்ணீர், நீந்தியது, பிடித்தது எல்லாம் திரும்பத் திரும்ப வரும், ஆனா பிள்ளைக்கு அது புதுக் கதை. சலிப்பும் இல்ல, வார்த்தையும் பழகுது.

புக்குக்கு எங்க போறதுன்னு கேப்பீங்க. அரசுப் பள்ளியா இருந்தா வாசிப்பு இயக்கத்து குட்டி குட்டிப் புத்தகம் வந்திருக்கும், நுழை, நட, ஓடு, பறன்னு நாலு படியா பிரிச்சது, மெலிசா இருக்கும், ஒரே மூச்சுல முடிச்சிடலாம். பிள்ளை ஸ்கூல்ல கேட்டு வாங்கிட்டு வரச் சொல்லுங்க, பல ஸ்கூல்ல புதுசு கலையாம பீரோவுல இருக்கும். பிரதம் புக்ஸோட ஸ்டோரிவீவர் வெப்சைட்ல தமிழ்ல நிறைய கதை இலவசமாவே கிடைக்குது, அதுவும் படி படியாத்தான் பிரிச்சிருக்காங்க. ஊர் கிளை நூலகத்துல குழந்தைங்க அலமாரி இருக்கும், ஆனா அங்க இருக்குறது பாதி பெரிய பிள்ளைங்களுக்கானது, நீங்க கூடப் போய் எடுத்துக் குடுக்கணும்.

செலவு இதுல என்னன்னா, தேர்ந்தெடுக்கிற வேலை பூரா பெரியவங்க தலையில. கடையில பளபளன்னு இருக்குற கதை புக்குல முக்காவாசி "அடர்ந்த வனாந்தரத்தினூடே"ன்னு ஆரம்பிக்கும், படம் மட்டும்தான் குழந்தைக்கு, எழுத்து அதோட தாத்தாவுக்கு. அந்த மாதிரி புக்கு அஞ்சு வாங்கி அலமாரியில அடுக்கி வச்ச வீடு எனக்குத் தெரியும், பையன் படம் மட்டும் புரட்டுவான். ரொம்பத் திணறுற பிள்ளைக்கு தினம் புதுசுன்னா தினம் முதல் வாசிப்புதான், அதாவது தினம் தோல்வி, நல்லா வந்துச்சுங்குற அந்த நாலாவது வாசிப்போட சந்தோஷம் அதுக்குக் கிடைக்கவே கிடைக்காது.

எப்ப இது சரி: நிதானமா ஆனா பெரிய தப்பில்லாம போற பிள்ளை, கதைப் பித்து உள்ள பிள்ளை, மனப்பாட ராஜா.

## 3. கூட உக்காந்து சேர்ந்து வாசிக்கிறது

ஒரே புக்கு, ரெண்டு பேர், ஒரே நேரத்துல சத்தமா. உங்க குரல் ஒரு இம்மி முன்னாடி போகணும், பிள்ளை குரல் அதப் பிடிச்சிட்டு வரும், உங்க விரல் வார்த்தைக்கு அடியில ஓடணும். பிள்ளைக்குத் தெம்பு வந்ததும் உங்க தொடையில லேசா தட்டும், நீங்க நிறுத்திக்கணும், தனியா போகட்டும், தடுக்குச்சுன்னா வார்த்தைய நீங்க சொல்லிட்டு திரும்பவும் சேந்துக்கணும். பிரிட்டன்ல கீத் டாப்பிங்னு ஒருத்தர் எண்பதுகள்லேர்ந்து இத பெத்தவங்களுக்கும் பெரிய வகுப்பு பிள்ளைங்களுக்கும் சொல்லிக் குடுத்துப் பரப்பினார், படிச்சவங்கதான் செய்யணும்னு இல்லங்குறது இதுல பெரிய வசதி.

இத "நான் சொல்றேன், நீ பின்னாடி சொல்லு"வோட குழப்பிக்காதீங்க. அது நம்ம திண்ணைப் பள்ளிக்கூடத்து சட்டாம்பிள்ளை காலத்துலேர்ந்து வர்றது, இன்னைக்கும் பல வகுப்புல நாப்பது குரல் ஒண்ணா கூரையப் பிளக்கும், வெளிய நின்னு கேட்டா அருமையா இருக்கும், உள்ள போய்ப் பாத்தா பாதிப் பேர் கண்ணு ஜன்னல்ல. காது வேலை செய்யுது, கண்ணு லீவு.

சேர்ந்து வாசிக்கிறதுல தமிழுக்கு இன்னொரு லாபம் இருக்கு. புக்குல இருக்குற தமிழ் நம்ம வீட்டுல பேசுற தமிழ் இல்ல. "வந்துட்டிருந்தான்"னு பேசுற பிள்ளைக்கு "வந்துகொண்டிருந்தான்" ஒரு அந்நிய மொழி மாதிரி, எங்க மூச்சு விடணும்னே தெரியாது. பெரியவங்க குரல் கூட வந்தா அந்த நடை காதுல ஏறிடுது. ஒரு பொண்ணு "சென்றான்"ங்குற இடத்துல "போனான்"னு வாசிச்சா, அவங்கம்மா உடனே "தப்பு!"ன்னாங்க. எனக்கு அது பாதி சந்தோஷம், கண்ணு எழுத்த விட்டு நழுவினது உண்மை, ஆனா அர்த்தம் உள்ள போயிருக்கு. "போனான்தான், புக்குல எப்படி எழுதியிருக்காங்க பாரு"ன்னு சொன்னா போதும், அதுவே திரும்பிப் பாத்து சொல்லிடும்.

மறைஞ்ச செலவு உங்க நேரம், அதுவும் சாயங்காலம் ஏழு மணி வாக்குல, அடுப்பு, சின்னக் குழந்தை, சீரியல், ஆபீஸ் போன் எல்லாம் சேர்ந்து வர்ற நேரம். பத்து நிமிஷம்தான், ஆனா முழுசா அந்தப் பத்து நிமிஷம். கோவம் வந்தா அன்னைக்கு வேண்டாம், நிறுத்திடுங்க, அக்காவ விட்டு வாசிக்கச் சொல்லுங்க. ஆனா அக்கா நல்லா படிக்கிற அக்காவா இருந்து "இதுகூடத் தெரியலையா"ன்னு கேக்குற ரகமா இருந்தா தாத்தா பாட்டி தேவல. எனக்குத் தெரிஞ்ச ஒரு தாத்தா பழைய பேப்பர் தலைப்பை வச்சே பேரனுக்கு வாசிக்கச் சொல்லிக் குடுத்தார், அவருக்கு நேரம் இருந்துச்சு, பொறுமை இருந்துச்சு, பேரன் தப்பு சொன்னா "ஆங்?"ன்னு காது கேக்காத மாதிரி கேப்பார், பையன் தானா திரும்ப வாசிப்பான்.

எப்ப இது சரி: ரொம்பத் திணறுற பிள்ளைக்கு முதல்ல இதுதான். தனியா வாசிக்கச் சொன்னா அழுற பிள்ளைக்கும், திக்குற பிள்ளைக்கும் கூட, சேர்ந்து வாசிக்கிறப்ப திக்கு குறையுறத நானே கேட்டிருக்கேன்.

## 4. போன்: ஆடியோவும் ஆப்பும்

ஆடியோ கேட்டுட்டே புக்கப் பாத்து வாசிக்கிறது புதுசு கிடையாது. கேரல் சாம்ஸ்கி 1976லயே எழுதியிருக்காங்க, மூணாவது படிக்கிற அஞ்சு பிள்ளைங்க, எழுத்து தெரியும் வாசிக்க வராது, அவங்களுக்கு கதைய டேப்புல பதிஞ்சு குடுத்து புக்கப் பாத்துட்டே திரும்பத் திரும்பக் கேக்க வச்சாங்க, கூடவே வாசிக்கிற அளவுக்கு வர்ற வரைக்கும். நல்லா வந்துச்சு. இப்ப டேப் இல்ல, போன் இருக்கு. கூகுள் 2019ல போலோன்னு கொண்டுவந்து அப்புறம் ரீட் அலாங்னு பேர் மாத்தினதுல தமிழும் இருந்துச்சு, பிள்ளை வாசிக்கிறத போன் கேட்டு தப்பு சொல்ற மாதிரி.

நான் சொல்ற மலிவு வழி வேற, உங்க குரல்லயே வாட்ஸ்அப்ல ஒரு கதைய நிதானமா வாசிச்சு பதிஞ்சு வச்சிடுங்க, நீங்க வேலைக்குப் போயிருக்குற நேரத்துல பிள்ளை புக்கோட அதக் கேக்கும். வெளியூர்ல வேலை பாக்குற ஒரு அப்பா ராத்திரி ஒரு கதை பதிஞ்சு அனுப்பிடுவார், அவர் பொண்ணு வேற எதையும் இத்தனை தடவ திரும்பக் கேட்டதில்ல.

செலவு? போன் கையில இருந்தா விரல் எங்க போகும்னு நான் சொல்லணுமா. அதுக்கு மேல, ஆடியோ ஓடுறப்ப பிள்ளை வாய் திறக்குதா, கண்ணு வரியில இருக்கான்னு பாக்க ஆளில்லன்னா அது கதை கேக்குறது, வாசிக்கிறது இல்ல. கதை கேக்குறதும் நல்லதுதான், ஆனா அது வேற கணக்கு. குரல் கேக்குற ஆப் எதுவா இருந்தாலும் மிக்ஸி ஓடுற வீட்டுல சரியா வாசிச்ச பிள்ளைக்கும் தப்புன்னு சொல்லும், ல, ள, ழ மூணையும் ஒரே மாதிரி சொன்னா சரின்னு விட்டுடும். ஆப்ப நம்பி நாம எழுந்து போனாத்தான் பிரச்சினை.

எப்ப இது சரி: வீட்டுல தமிழ் வாசிக்கத் தெரிஞ்ச ஆளே இல்லன்னா. அதோட மேல சொன்ன மூணுக்கும் துணையா, தனியா இல்ல.

## 5. டியூஷன்

சுருக்கமா சொல்லிடுறேன். ஒரு மணி நேரம், பதினஞ்சு பிள்ளைங்க, ஆளுக்கொரு பத்தியா வாசிக்க வைக்கிறாங்கன்னு வச்சுக்கோங்க, சத்தம் போடுறது, அட்டெண்டன்ஸ் எல்லாம் போக உங்க பிள்ளை வாய் திறக்குறது ரெண்டு மூணு நிமிஷம். மத்த நேரம் தன் முறை எப்ப வரும்னு வரிய எண்ணிட்டு இருக்கும், அதுவும் திணறுற பிள்ளைக்கு பதினாலு பேர் முன்னாடி திணறுறது என்ன மாதிரி இருக்கும்னு யோசிங்க. வீட்டுப்பாடம் முடிக்க டியூஷன் வேணும்னா அனுப்புங்க, வாசிப்புக்குன்னு அனுப்பாதீங்க. விதிவிலக்கு, மூணு நாலு பிள்ளைங்கள மட்டும் வச்சு ஒவ்வொருத்தரா பக்கத்துல உக்கார வச்சு கேக்குற டீச்சர் கிடைச்சா, அவங்கள விடாதீங்க.

## பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தா

| | வாய் திறக்குற நேரம் | தப்பைப் பிடிக்கிறது | புதுப் பக்கத்துக்குப் போகுமா | மறைஞ்ச செலவு |
|---|---|---|---|---|
| ஒரே பத்தி நாலு தடவ | பத்து நிமிஷத்துல ஏழெட்டு | ஆள் கூட இருந்தா நல்லா | பொது வார்த்தை இருந்தா போகும் | மனப்பாடம், சலிப்பு |
| தினம் புதுக் கதை | அதே அளவு | ஆள் கூட இருந்தா நல்லா | நல்லா போகும் | சரியான புக்கு தேடுறது |
| சேர்ந்து வாசிக்கிறது | பத்துக்குப் பத்து | அந்த நொடியே | மெதுவா, ஆனா போகும் | பெரியவங்க நேரம், பொறுமை |
| போன் | யாரும் பாக்கலன்னா சந்தேகம் | அரைகுறை | கண்ணு வரியில இருந்தாதான் | யூடியூப் |
| டியூஷன் | ரெண்டு மூணு | எல்லார் முன்னாடியும் | தெரியல, பெரும்பாலும் இல்ல | பீஸ், கூச்சம் |

## நான் இப்ப எப்படிச் செய்யுறேன்

பாக்காத ஒரு சின்னப் பத்திய பிள்ளைகிட்ட குடுத்து, மூஞ்சில எதுவும் காட்டாம கேப்பேன். பத்துல ரெண்டு மூணு தப்பு, ஒவ்வொரு வார்த்தைக்கும் நிறுத்துறான்னா ரெண்டு மூணு வாரம் சேர்ந்து வாசிக்கிறது மட்டும்தான், அதுவும் லேசான புக்கு. தப்பு குறைஞ்சு இழுவை மட்டும் மிச்சம்னா ஒரே பத்தி மூணு தடவ, ஒரு குளம் ஒரு வாரம் கணக்குல. திங்கள் செவ்வாய் ஒரு பத்தி, புதன் வியாழன் அதே குடும்பத்து வார்த்தையோட இன்னொண்ணு, வெள்ளிக்கிழமை அந்த வார்த்தை எல்லாம் வர்ற, ஆனா இதுக்கு முன்னாடி பாக்காத ஒரு கதை. அந்த வெள்ளிக்கிழமை கதைதான் எனக்கு பரிட்சை, பிள்ளைக்கு அது பரிட்சைன்னு தெரியாது. அதுவும் ஓட ஆரம்பிச்சுடுச்சுன்னா திரும்ப வாசிக்கிறத நிறுத்திட்டு புதுக் கதைக்கு மாறிடுவேன்.

திருத்துறதப் பத்தி ஒரு வார்த்தை. பிள்ளை தடுக்குன உடனே சொல்லிடாதீங்க, மனசுக்குள்ள மூணு எண்ணுங்க, நிறைய தடவ அதுவே கண்டுபிடிச்சிடும். வரலன்னா சொல்லிடுங்க, "கூட்டு, கூட்டு, என்ன வரும்?"னு பிழியாதீங்க, கதை அறுந்து போயிடும்.

அவசரப்படாதீங்கன்னு சொல்றதுக்கு ஒரு காரணமும் இருக்கு. நமக்கு மொத்தம் 247 எழுத்து, பிள்ளைக்கு அது சின்ன விஷயமில்ல. கன்னடத்துல சொனாலி நாக்னு ஒரு ஆராய்ச்சியாளர் பாத்தப்பவும், எழுத்து ரொம்ப இருக்குறதால அங்க பிள்ளைங்க எழுத்துகள முழுசா பிடிக்கவே மூணாவது நாலாவது வரைக்கும் ஆகுதுன்னு சொன்னாங்க. இங்கிலீஷ்ல 26தான், நம்ம பிள்ளை ரெண்டாவதுல மெதுவா இருக்கான்னா மக்குன்னு அர்த்தமில்ல.

இன்னொண்ணு, இத நான் லேட்டாத்தான் கத்துக்கிட்டேன். தவளை கதை வாசிச்சானே அந்தப் பையனுக்கு முன்னாடி ஒருத்தன் இருந்தான், மூணு மாசம் எல்லா வித்தையும் போட்டுப் பாத்தேன், நகரவே இல்ல. ஒரு நாள் வாசல் லைட் மங்கலா இருந்துச்சுன்னு புக்க மூக்குகிட்ட தூக்கினான், அப்பவும் "லைட்டு சரியில்லடா"ன்னுதான் நினைச்சேன். மறுநாள் வெளிச்சத்துலயும் அப்படியே தூக்கினான். அரசு ஆஸ்பத்திரியில காமிச்சாங்க, கண்ணாடி போட்டாங்க. வேகம் என்னமோ ராத்திரியோட ராத்திரியா வந்துடல, ஆனா க-வுக்கும் சு-வுக்கும் குழம்புறது அந்த வாரமே நின்னுபோச்சு. புக்க எவ்ளோ தூரத்துல பிடிக்கிறான், தலைய சாய்ச்சுப் பாக்குறானா, பின்னாடிலேர்ந்து கூப்ட்டா திரும்புறானான்னு முதல் நாளே பாத்துடுங்க, அதுக்கு அப்புறம் எந்த முறைன்னு யோசிங்க.